கழுத்துக் குழாயை மூடிப் பார்த்த அரை மணி நேரம்

பெங்களூர் மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே ஒரு கண்டக்டர் என்னைப் பல்லைக் காட்டச் சொன்னார். விமான நிலையத்திலிருந்து வந்த பஸ் ஒரு பாலத்தடியில் நின்றது. "இளீரி, இளீரி" என்று என் முகத்துக்கு நேரே கத்துகிறார். தூக்கமில்லாத எரிச்சல் எனக்கு. "எதுக்குய்யா இளிக்கணும்? நான் இன்னா கல்யாணத்துக்கா வந்திருக்கேன்?" என்று நானும் கத்தினேன். பின் சீட்டிலிருந்த அம்மாள் ஒருவர்தான் காப்பாற்றினார். "எறங்கச் சொல்றாருப்பா. கன்னடத்துல இளின்னா எறங்கு." பஸ் முழுக்கச் சிரிப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

நான் மஸ்கட்டில் கட்டடங்களுக்குக் குழாய் வேலை பார்ப்பவன். சொந்த ஊர் குடியாத்தம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், அதில் பதினான்கு வருஷம் மஸ்கட். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவு. பிள்ளைகள் இல்லை. வீட்டுச் சுவரை எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பது என்று என் மனைவி ஜெயந்தி பெங்களூர் பீன்யாவில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். பத்து வருஷமாகிறது. நான் வரும்போதெல்லாம் அவளும் லீவு போட்டுக் குடியாத்தம் வந்துவிடுவாள். அதனால் அவள் குடியிருக்கும் ஊரை நான் பார்த்ததே கிடையாது. மஸ்கட்டில் எந்தச் சந்தில் எந்த வால்வு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெண்டாட்டி எந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கிறாள் என்று கேட்டால் முழிப்பேன். வெட்கக்கேடுதான், என்ன செய்வது.

இந்தத் தடவை லீவு நானாகக் கேட்டு வாங்கியது. ஒரு நாள் காலையில் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு ஊசி இரண்டாகத் தெரிந்திருக்கிறது. பத்து நாளில் இடது கண் இமை பாதி கீழே இறங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளைக்குப் போகும் இடது பக்கப் பெரிய இரத்தக் குழாய், மண்டைக்குள் நுழைந்த இடத்தில் வீங்கிக் கிடக்கிறது. அனியூரிசம் என்று எழுதியிருந்தார்கள். அதுவும் சாதாரண வீக்கம் இல்லை, எலுமிச்சம்பழம் அளவு. கண்ணுக்குப் போகும் நரம்புகளை அதுதான் நசுக்குகிறது. மஸ்கட்டில் என் ஃபோர்மேன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, அப்போதே லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பீன்யாவில் ஜெயந்தி இருப்பது ஒரே அறை. கூட இருப்பவள் ரோஸ்லின், அதே கம்பெனிதான். கோலார் தங்கவயல்காரி, அவள் அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். ஜெயந்தியை அக்கா என்பாள், அந்தக் கணக்கில் நான் மாமா. "வாங்க மாமா, ஒரு வழியா பெங்களூருக்கு வயி தெரிஞ்சிச்சா?" என்றாள், கதவைத் திறக்கும்போதே. என் பெண்டாட்டி வந்து நின்றாள். விரலால் இடது இமையைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி அப்படிப் பாக்கற?"

"ரெண்டா தெரியிறீங்க. இத்தினி வருசம் ஒண்ணுக்கே வயி இல்ல. இப்ப ரெண்டு புருசன் நிக்கிறாங்க."

ரோஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டோம். மஸ்கட்டில் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மரத்துப்போன நாக்குக்கு அது தேவாமிர்தம். ஆனால் அவள் "சொப்பு இன்னும் கொஞ்சம் போடு" என்று ரோஸ்லினிடம் கேட்டபோது, எனக்குப் பொம்மைச் சொப்புதான் ஞாபகம் வந்தது. கீரைக்குக் கன்னடத்தில் சொப்பாம்.

மறுநாள் டாக்டரைப் பார்க்க மெட்ரோவில் கிளம்பினோம். ரோஸ்லினுக்கு வேலை. ஜெயந்தி கையைப் பிடித்துக்கொண்டு, நான் பெரிய ஆள் மாதிரி முன்னால் நடந்தேன். படியேறினேன், வந்த ரயிலில் ஏறினேன். நான்கு ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான், வெளியே கட்டடங்கள் குறைந்துகொண்டே போவது எனக்கு உறைத்தது. ஊருக்கு வெளியே போகும் ரயில்!

"உனக்குத் தெரியாதா இது தப்பு ரயிலுன்னு?"

"தெரியும்."

"பின்ன ஏண்டி சொல்லல?"

"கையப் புடிச்சி இட்டுக்கினு வந்தீங்க. அப்பறம் இன்னாத்துக்குச் சொல்லணும்?"

இறங்கி எதிர்ப்பக்க ரயிலில் ஏறினோம். கையை விடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓர் ஓட்டலில் பூரி சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் வந்து, "சாகு பேக்கா சார்?" என்றார். பேக்கா என்றால் வேண்டுமா என்பது அதற்குள் பழகியிருந்தது, சாவு வேண்டுமா என்றுதான் என் காதில் விழுந்தது. எந்த இடத்தில் வந்து எதைக் கேட்கிறான் இவன் என்று நான் எழுந்தே விட்டேன். ஜெயந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பூரிக்கு ஊற்றும் காய்கறிக் குருமாவுக்கு இங்கே சாகு என்று பெயர். குருமா என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "நோடி, பாருங்க, இதுக்கு வழக்கமா மண்டையத் திறந்து வீக்கத்தோட அடியில ஒரு கிளிப் மாட்டுவோம். இவங்களுக்கு அது எலும்புக்கு நடுவுல, நரம்புக் கொத்துக்குள்ள உக்காந்திருக்கு. அங்க கை போகாது. தொடை வழியா உள்ள போய்க் கம்பிச் சுருள் வெச்சு அடைக்கலாம். வீக்கத்தோட வாய் ரொம்ப அகலம், சுருள் நிக்காது. வலை மாதிரி ஸ்டென்ட் வெச்சு ரத்தத்தை நேரா ஓட விடலாம். குழாய் இவ்வளவு நெளிஞ்சிருக்கே, அதுல ஸ்டென்ட் படியாது."

"அப்போ?"

"கழுத்து வழியா வர்ற அந்தக் குழாயையே மூடிடறது. வலது பக்கத்துலருந்து இடது மூளைக்கும் ரத்தம் போய்ச் சேர்ந்தா, மூடிட்டு நிம்மதியா இருக்கலாம். சேரலன்னா, முதல்ல கையிலருந்து ஒரு ரத்தக்குழாய எடுத்து மண்டைக்குள்ள பைபாஸ் தைக்கணும். அப்புறம்தான் மூடணும். அது பெரிய ஆபரேஷன். பக்கவாதம் வரலாம், பேச்சு போகலாம். இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

வலது பக்கம் போதுமா போதாதா என்று எப்படித் தெரியும்? பலூன் வைத்து மூடிப் பார்ப்பார்களாம். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் அவள் விழித்திருக்க வேண்டும், பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இடது மூளைதான் பேச்சுக்கு. பேச்சு தடுமாறினால் உடனே பலூனை இறக்கிவிடுவார்கள்.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. "மெயின் வால்வ மூடிட்டு மாடியில தண்ணி வருதான்னு பாக்கற மாதிரி சார்" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

"அதேதான்" என்றார் டாக்டர். "ஆனா தண்ணி வரலன்னா உங்க வீடு பேச்ச மறந்துடாது."



மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால், அல்சூர் ஏரியைப் பார்க்க வேண்டும் என்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவதாகக் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாளாம். பத்து வருஷம் சென்று கூட்டிக்கொண்டு போனாள். கம்பிவேலி ஓரமாக நடந்தோம். எனக்குத் தண்ணீரைப் பார்த்தால் குழாய் எங்கே என்றுதான் கண் போகும். அவள் ஒவ்வொரு மரத்தையும் காட்டி, இங்கே ரோஸ்லினோடு உட்கார்ந்தேன், இங்கே வேர்க்கடலை வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பத்து வருஷமும் அவளுக்கு ஒரு வாழ்க்கை ஓடியிருக்கிறது. அதில் நான் எந்த மரத்தடியிலும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பேச்சு போயிடுச்சின்னா?" என்று கேட்டாள், திடீரென்று.

"போவாது."

"போயிடுச்சின்னா நமக்கு இன்னா கீதுங்க? மத்தவங்க மாதிரியா, பக்கத்துல குந்திக்கினு கம்முனு இருக்கறதுக்கு? நமக்கு இருக்கறதே பேச்சு ஒண்ணுதான்."

ஒரு பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்தேன்.

அன்று மதியம் வார்டுக்குப் பாலக்காட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் சிந்து, பேச்சைச் சோதிப்பதுதான் அவள் வேலை. சோதனையன்று திணறினால் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக முன்கூட்டியே ஒரு தடவை கேட்டு எழுதிக்கொள்வார்களாம். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கத்திரிக்காய்ப் படத்துக்கு ஜெயந்தி "பதனேக்காய்" என்றாள். பூட்டுக்கு "பீகா" என்றாள். சிந்துவின் பேனா நின்றது.

"சேட்டா, இது சரியா? தமிழா?"

"இல்லம்மா, தப்பு" என்றேன் நான்.

"கரெக்டு மேடம்" என்றாள், சாப்பாடு கொண்டுவந்திருந்த ரோஸ்லின், கூடவே. "அதெல்லாம் கன்னடம். நாங்க கலந்து கட்டித்தான் பேசுவோம். மாமாவுக்கு இன்னா தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஜெயந்தி பேசுவது வழக்கமான பேச்சுதானா என்று சொல்ல வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்றாள் சிந்து. ஒருவருக்குத்தான் இடம். ரோஸ்லின் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் புருசன். நான்தான் குந்துவேன்" என்றேன். என் பெண்டாட்டி பேச்சுக்குச் சாட்சி சொல்ல இன்னொருத்தியா? ரோஸ்லின் தூக்குச் சட்டியைக் கழுவப் போனாள்.

நான்காம் நாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், என் முன்னால் ஒரு மைக். அந்தப் பக்கம் மேஜை மேல் ஜெயந்தி, தலையை அசைக்காமல் படுத்திருந்தாள். தொடை வழியாக மெல்லிய குழாயை அனுப்பியிருந்தார்கள். அதன் நுனியில் இருந்த பலூன் கழுத்துக் குழாயில் போய் நின்றது. "மூடியாச்சு" என்றார் டாக்டர். யாரோ கடிகாரத்தை அழுத்தினார்கள். என் வாழ்க்கையில் ஆயிரம் வால்வு மூடியிருப்பேன். அன்றைக்கு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வலது கையை இறுக்கச் சொன்னார்கள், இறுக்கினாள். காலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். சிந்து தலைமாட்டில் நின்று அட்டைகளைக் காட்டினாள். "பதனேக்காய்." "பீகா." குடைப் படத்துக்கு, "கொடை." ஒவ்வொன்றுக்கும் சிந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பாள், நான் தலையாட்டுவேன். பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். அட்டைகள் இரண்டு சுற்று முடிந்துவிட்டன. பேச்சை நிறுத்தக் கூடாது என்று சிந்து கையில் கிடைத்ததையெல்லாம் காட்ட ஆரம்பித்தாள். பேனா. கைக்கடிகாரம். பிறகு பையிலிருந்து தன் மொபைலை எடுத்துக் காட்டினாள்.

"இது என்னம்மா?"

"மஸ்கட்டு" என்றாள் ஜெயந்தி.

சிந்து மொபைலை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். "சரியா பாருங்க. இது என்ன?"

"மஸ்கட்டு."

"இதுல என்ன பண்ணுவீங்க?"

"அதுல அவரு வருவாரு."

டாக்டர் ஊசிக் குழலில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதை இழுத்தால் பலூன் இறங்கிவிடும். அப்புறம் வலது பக்கம் போதவில்லை என்று அர்த்தம். அப்புறம் பைபாஸ். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "இது அவங்க பேசறதுதானா?"

"இல்ல சார், தப்பு" என்றேன், பதறிப்போய். "மஸ்கட்டு நான் வேல பாக்கற ஊரு சார். கொழம்பிட்டா. எறக்கிடுங்க."

சொன்ன மறு நொடிதான் எனக்கு உறைத்தது. கத்திரிக்காய்க்கு என்ன சொன்னேன்? தப்பு என்றேன். பூட்டுக்கு? அதுவும் தப்பு என்றேன். இவள் காய்கறிக்கு என்ன பெயர் சொல்கிறாள் என்று தெரியாதவன், இவள் மூளையில் இரத்தம் ஓடுகிறதா இல்லையா என்று சாட்சி சொல்கிறேன். நான் சரி என்று சொல்லி அது தப்பாக இருந்தால், குழாயை மூடி அவள் பேச்சை நானே எடுத்துவிட்டேன். தப்பு என்று சொல்லி அது சரியாக இருந்தால், சும்மா இருந்தவள் மண்டையைப் பிளக்க வைத்துவிட்டேன்.

"சார், சார், இருங்க!" என்று மைக்கில் கத்தினேன். "எனக்குத் தெரியாது சார். நெசமாவே எனக்குத் தெரியாது. வெளியில ரோஸ்லின்னு ஒரு பொண்ணு கீது. அதுக்குத்தான் தெரியும். அதக் கேளுங்க."

டாக்டர் ஜெயந்தியின் வலது கையை இன்னொரு தடவை இறுக்கச் சொன்னார். இறுக்கினாள். "ஒரு நிமிஷம்" என்றார். நர்ஸ் ஓடினார்.

ரோஸ்லின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ மாமா! எங்க தையல் லைன்ல போனுக்கு அதான் பேரு. கம்பெனி கேட்டுலயே போனெல்லாம் வாங்கி பொட்டியில போட்டுக்குவாங்க. சாப்பாட்டு பெல் அடிச்சா அக்காதான் மொத ஆளா ஓடும், 'மேடம், என் மஸ்கட்ட குடுங்க'ன்னு. அந்தக் கன்னடக்கார மேடமே 'மஸ்கட் தகோ'ன்னு சொல்லித்தான் எடுத்துக் குடுப்பாங்க. சார்ஜில போட்டா 'மஸ்கட்டு பசியாறுது'ன்னு சொல்லும். இப்ப எல்லார் போனும் மஸ்கட்டுதான். எத்தினியோ வருசமா சொல்றோம். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? அவள் அதை எடுத்துக் காதில் வைத்த பிறகுதான் நான் வருகிறேன். என்னோடு பேசும்போது அந்த வார்த்தைக்கு வேலையே இல்லை. உலகத்தில் எல்லோரும் கேட்டிருக்கலாம், அந்தக் கன்னடக்கார மேடம்கூடக் கேட்டிருக்கிறார். நான் ஒருவன் மட்டும் கேட்டிருக்க முடியாது.

ரோஸ்லின் மைக்கில் குனிந்து, "சரிதான் டாக்டர், அக்கா எப்பவும் பேசறதுதான்" என்றாள். டாக்டர் ஊசிக் குழலிலிருந்து கையை எடுத்தார். மிச்ச நேரமும் ஓடியது. கடைசியில் இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கியும் பார்த்தார்கள். கை இறுகியது, கால் எழும்பியது, மாதங்களைப் பின்னாலிருந்து சொன்னாள். நான் நாற்காலியை ரோஸ்லினுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். அழுதுகொண்டுதான் நின்றேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வலது பக்கம் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, வீக்கத்தை விட்டுவிட்டு, அந்தக் குழாய்க்குள்ளேயே கம்பிச் சுருள்களை அடைத்து அதை நிரந்தரமாக மூடினார்கள். வீக்கம் தானாக உறைந்து சுருங்கும், கண் திறக்க மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். பைபாஸ் வேண்டியிருக்கவில்லை. ரோஸ்லின் சர்ச்சுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

நேற்று காலை சிந்து மறுபடியும் அட்டைகளோடு வந்தாள். ஜெயந்தி தலையணையில் சாய்ந்திருந்தாள், நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். கத்திரிக்காய் "பதனேக்காய்" ஆயிற்று, பூட்டு "பீகா" ஆயிற்று. கடைசியில் சிந்து சிரித்துக்கொண்டே மொபைலை எடுத்து நீட்டினாள்.

"இது?"

"போனு" என்றாள் ஜெயந்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டேன். சிந்துவின் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது. "அன்னைக்கு வேற பேரு சொன்னீங்களே அம்மா. அது ஞாபகம் இல்லையா?"

ஜெயந்தி வாயிலிருந்த இட்லியை மெதுவாக மென்று விழுங்கினாள். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"மஸ்கட்டுதான் இங்க குந்திக்கினு கீதே மேடம். அத இன்னாத்துக்கு அப்படிக் கூப்பிடணும்?"

எனக்கு லீவு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதுவரைக்கும் அது வெறும் போன்.